குட்டை என்னும் நோய்: உயரம், பணம், இயல்பு குறித்துச் சில குறிப்புகள்

மனித உடலின் ஆற்றல்களை மருத்துவத்தால் கூட்டிக்கொள்ளும் தொழில்நுட்பங்கள் பணக்காரர்களுக்கு மட்டும்தான் கிடைக்குமா? மரபணுத் திருத்தம், மூளைக்குள் பதிக்கும் சில்லு என்று பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுப்பப்படுகிறது. பதில்களும் தயாராக இருக்கின்றன. காசு உள்ளவன் முதலில் வாங்குவான், பிறகு விலை இறங்கும், செல்போன் மாதிரி எல்லார் கைக்கும் வந்துவிடும் என்பது ஒரு தரப்பு. வரவே வராது, மனித இனமே இரண்டு சாதியாகப் பிளந்துவிடும் என்பது இன்னொரு தரப்பு. இரண்டுமே இதை எதிர்காலத்து விஷயமாகப் பார்க்கின்றன. எனக்கு அதில்தான் சந்தேகம். இது ஏற்கனவே அமெரிக்காவில், குழந்தைகளின் உயரத்தை முன்வைத்து, ஊசிமருந்தாக நடந்தேறியிருக்கிறது.

பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்காவிட்டால் குழந்தை சரியாக வளராது. மாட்டுக்கும் பன்றிக்கும் சுரப்பது மனிதருக்கு உதவாது. ஆகவே இறந்த மனிதர்களின் மூளையடியிலிருந்து அதை எடுக்க வேண்டியிருந்தது. 1958இல் மாரிஸ் ரேபன் என்கிற மருத்துவர் இவ்வாறு எடுத்த ஹார்மோனால் ஒருவரை வளரச்செய்ததாக அறிவித்தார். 1960களில் அமெரிக்க அரசின் ஆதரவில் தேசிய பிட்யூட்டரி முகமை உருவானது. பிணங்களிலிருந்து சுரப்பிகளைச் சேகரித்து, ஹார்மோன் குறைபாடு நிரூபணமான குழந்தைகளுக்கு மட்டும் ஆய்வுத் திட்டத்தின் பேரில் வழங்கினார்கள். ஏறக்குறைய 7,700 பேர் பெற்றார்கள். குறிப்பிட்ட உயரம் வந்ததும் நிறுத்திவிடுவார்கள், அடுத்த குழந்தை காத்திருக்கிறதே! (தனியார் விற்பனையும் ஓரமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.)

1985இல் இந்த மருந்தைப் பெற்ற சிலர் க்ரூட்ஸ்ஃபெல்ட்-ஜேகப் என்னும் மூளைச்சிதைவு நோயால் இறந்தது தெரியவந்தது. பிணங்களிலிருந்து நோயும் சேர்ந்து வந்திருக்கிறது. விநியோகம் நின்றது. அதே ஆண்டு இறுதியில் ஜெனென்டெக் நிறுவனம் பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த ஹார்மோனுக்கு அனுமதி கிடைத்தது. இனி பிணம் வேண்டாம், வேண்டிய அளவு தயாரிக்கலாம்.

இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். பற்றாக்குறை தீர்ந்தால் சமத்துவம் வரும் என்பது நாம் கேள்வி கேட்காமல் சுமந்துவரும் நம்பிக்கை, இடதுசாரி நண்பர்களுக்கும்கூட. ஆனால் மருந்து அரிதாக இருந்தபோது தேவையைப் பார்த்துப் பங்கிட்டார்கள். தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் பணப்பையைப் பார்த்துப் பங்கிடத் தொடங்கினார்கள். அது மட்டுமல்ல, மருந்து பெருகியபோது நோயாளிகளும் பெருக வேண்டியிருந்தது. அனுமதிக்கப்படாத பயன்பாடுகளுக்கு ஹார்மோனை விற்க முனைந்ததாக ஜெனென்டெக் 1999இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 கோடி டாலர் கட்டியது. 2003இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், எலி லில்லி நிறுவனத்தின் ஹார்மோனை, எந்தக் குறைபாடும் இல்லாத, வெறுமனே குட்டையான குழந்தைகளுக்கும் கொடுக்கலாம் என்றது. மிகக் குட்டையான 1.2 சதவீதத்தினர். வளர்ந்த பின் ஆண் 5 அடி 3 அங்குலத்துக்கும் பெண் 4 அடி 11 அங்குலத்துக்கும் கீழே நிற்பவர்கள் என்று அர்த்தம்.

அந்த ஆண்டு நான் ஏழாம் வகுப்பு. காலை பிரேயரில் உயர வரிசையில் முதல் ஆள். இன்றைக்கும் 5 அடி 2 அங்குலம்தான். என் உடம்பில் எதுவும் மாறவில்லை. எங்கோ ஒரு கோட்டை நகர்த்தினார்கள், அந்தக் கணக்கில் நான் நோயாளி.

1990இல் ஆலன், ஃபோஸ்ட் என்னும் இரு மருத்துவர்கள் ஒரு கற்பனை எடுத்துக்காட்டைச் சொன்னார்கள். ஜானிக்கும் பில்லிக்கும் வயது 11. இருவரும் 160 சென்டிமீட்டர்தான் வளர்வார்கள். ஜானிக்கு மூளைக்கட்டியால் ஹார்மோன் குறைந்துபோனது. பில்லிக்குக் குறைபாடில்லை, அவனைப் பெற்றவர்கள் குட்டை, அவ்வளவுதான். ஜானிக்குக் கொடுப்பது சிகிச்சை, பில்லிக்குக் கொடுப்பது மேம்பாடு என்கிறோம். இருவரும் சந்திக்கப்போகிற கேலி ஒன்றுதானே? இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் சந்தை இதைத் தனக்குச் சாதகமாக வாசித்துவிட்டது. கோடு தெளிவில்லை என்றால் கோடே வேண்டாம், காசு கட்டினால் போதும் என்று.

பூக்கோவுக்கு முன்னோடியான ழார்ஜ் காங்கிலெம் 1943லேயே, இயல்பு என்பது சராசரியல்ல என்று வாதிட்டார். 2003இல் நடந்தது நேரெதிர். சராசரியிலிருந்து இத்தனை திட்டவிலக்கம் கீழே என்பதே நோயின் வரையறை ஆனது. இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். எல்லாரும் எவ்வளவு வளர்ந்தாலும் கடைசி 1.2 சதவீதம் என்று ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும். இந்த நோயை ஒழிக்கவே முடியாது.

செல்போன் வாதம் உடைவதும் இங்கேதான். பலரிடம் இருந்தால்தான் செல்போனுக்குப் பயன். உயரம் அப்படியா? ஊர்வலம் பார்க்கிற கூட்டத்தில் எல்லாரும் எக்கி நின்றால் கால்வலிதான் மிச்சம். எக்காதவனுக்கு முன்பு தெரிந்ததும் தெரியாமல் போகிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த ஊசியால் கூடும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 50,000 டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டது. கூடுவதும் சராசரியாக இரண்டு அங்குலத்துக்கு உள்ளேதான். இந்தச் சிகிச்சைக்கு அழைத்து வரப்படுபவர்களில் ஆண் பிள்ளைகளே மிகுதி. குட்டைத்தனம் பெண்களுக்கு இல்லாமலா போயிற்று?

ஆகவே 'எல்லாருக்கும் கொடு' என்பதே போதுமான கோரிக்கை ஆகிவிடாது. அரிவாள்செல் சோகைக்கான மரபணுத் திருத்தச் சிகிச்சை 2023இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் விலையோடு வந்தது. அந்த நோய் மிகுந்திருப்பது ஆப்பிரிக்காவில். அங்கே அக்கோரிக்கை முழுக்க நியாயம், ஜானிக்கும் நியாயம். பில்லிகள் எல்லாருக்கும் கொடுத்தாலோ ஒருவருக்கும் லாபமில்லை, விற்பவனைத் தவிர. பிரச்சினை என்னவென்றால் இரண்டும் ஒரே கதவு வழியாக, சிகிச்சை என்கிற ஒரே பெயரில்தான் உள்ளே வருகின்றன. வாங்க முடியாதவனுக்கு மருந்து கிடைக்காமல் போவது பாதி இழப்பு. அதுவரை வெறும் குட்டையாக இருந்தவன், சிகிச்சை பெறாத நோயாளியாகிவிடுவது மீதி.

அம்மா என்னை உயரமாக்க மாமரக் கிளையில் தினமும் தொங்கச் சொல்வார். இதையெல்லாம் எழுதத் தொடங்கியபோது, இப்படி ஓர் ஊசி அப்போதே தெரிந்து, கையில் காசும் இருந்திருந்தால் என்னம்மா செய்திருப்பாய் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "போட்டிருப்பேன்டா" என்றார்.