அப்கிரேடுக்குப் பின் காணாமல் போகும் நெட்வொர்க் கார்டு

லினக்ஸ் சர்வர் ஒன்றை அப்கிரேட் செய்து ரீபூட் கொடுத்த பிறகு அது தொடர்புக்கே வரவில்லை என்றால், நிர்வாகியின் சந்தேகம் முதலில் கேபிள் மீது போகும். பிறகு சுவிட்ச் மீது, அதன் பிறகு டிரைவர் மீது. பல சமயம் மூன்றுமே நன்றாகத்தான் இருக்கும். கன்ஃபிக் கோப்பு 'இஎன்பி3எஸ்0' என்ற கார்டுக்கு ஐபி முகவரி கொடுக்கச் சொல்கிறது. ஆனால் அந்தப் பெயரில் கணினியில் இப்போது எதுவும் இல்லை. அதே கார்டு 'இஎன்பி4எஸ்0' என்று பெயர் மாறி, முகவரி இல்லாமல் சும்மா கிடக்கிறது.

பெயர் ஏன் மாற வேண்டும்?

முன்பெல்லாம் கெர்னல் எந்தக் கார்டை முதலில் கண்டுகொள்கிறதோ அது ஈத்0, அடுத்தது ஈத்1. ஒரே கார்டு உள்ள கணினியில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. இரண்டு கார்டுகள் இருந்தால்தான் வம்பு. டிரைவர்கள் ஒரே நேரத்தில் இணையாக ஏறும்போது எது முந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபயர்வால் கணினியில் ஒரு கார்டு இணையத்தைப் பார்த்திருக்கும், மற்றது அலுவலக நெட்வொர்க்கை. ஒரு ரீபூட்டில் பெயர்கள் இடம் மாறினால், உள்ளே இருப்பவர்களுக்குத் தந்த அனுமதியெல்லாம் வெளியே இருப்பவர்களுக்குப் போய்விடும்.

இதைத் தடுக்க, ஒவ்வொரு கார்டின் மேக் முகவரியையும் யூடெவ் ஒரு விதிக் கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு, அதே பெயரைத் திரும்பத் திரும்பக் கொடுத்துவந்தது. மெய்நிகர் கணினிகள் பெருகியபோது இந்த ஏற்பாடு திணறியது. ஒரு கணினியைக் குளோன் செய்தால் புதியதற்கு வேறு மேக் முகவரி கிடைக்கும். ஆனால் குளோனுக்குள் இருக்கும் கோப்பில் ஈத்0 பழைய மேக்குக்கு என்று எழுதியிருக்கும். எனவே ஒரே கார்டு உள்ள கணினியில் அது ஈத்1 என்று எழும். அந்தக் கோப்பை அழித்துவிட்டு ரீபூட் செய்வது அக்கால நிர்வாகிகளுக்கு மனப்பாடமான வைத்தியம்.

டெல் நிறுவனம் உருவாக்கிய பயாஸ்டெவ்நேம் முறையை 2011-இல் ஃபெடோரா 15 எடுத்துக்கொண்டது. 2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி 197, கார்டு எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே பெயரிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. 2014-இல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7, 2017-இல் டெபியன் 9 எனப் பிற வினியோகங்களும் அதற்கு மாறின.

இன்டெல் போர்டுகள் பலவற்றில் தென்படும் 'இஎன்பி0எஸ்31எஃப்6' என்ற பெயரைப் பார்க்கலாம். 'இஎன்' என்றால் ஈதர்நெட். அடுத்து வருவது பிசிஐ பஸ் 0, ஸ்லாட் 31, ஃபங்ஷன் 6. அதே கார்டை எல்எஸ்பிசிஐ கட்டளை 00:1எஃப்.6 என்று காட்டும். பதினாறடிமான எண்ணில் 1எஃப் என்பதுதான் பதின்மத்தில் 31. இரண்டும் வேறு வேறு கார்டுகள் என்று எண்ணிப் பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். யுஎஸ்பி அடாப்டர்களுக்கு 'இஎன்எக்ஸ்' என்ற மூன்று எழுத்துகளோடு மேக் முகவரியின் 12 இலக்கங்களும் சேரும். மொத்தம் 15 எழுத்து. இன்டர்ஃபேஸ் பெயருக்குக் கெர்னல் தரும் உச்ச வரம்பும் சரியாக 15தான்.

ஆக, இந்தப் பெயர் கார்டின் கதவு எண். தெருவில் புது வீடு ஒன்று முளைத்தால் அடுத்தடுத்த எண்கள் தள்ளிப்போகும். புதிதாக ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியோ கிராஃபிக்ஸ் கார்டோ செருகினால் பிசிஐ பஸ் எண்கள் நகர்ந்து 3 என்பது 4 ஆகிவிடலாம். அப்கிரேடோடு கூடவே வன்பொருளையும் மாற்றியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வன்பொருளைத் தொடவே இல்லை என்றால் காரணம் மென்பொருளில் இருக்கும். புதிய கெர்னலில் டிரைவர் போர்ட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினால், 'இஎன்பி65எஸ்0எஃப்0' என்பதன் வாலில் 'என்பி0' ஒட்டிக்கொள்ளும். சிஸ்டம்டியும் பெயரிடும் விதிகளைப் பதிப்புக்குப் பதிப்பு திருத்திவருகிறது. 240-ஆம் பதிப்பு முதல், பழைய பதிப்பின் விதிகளையே பின்பற்று என்று பூட் வரியில் சொல்ல வழி உண்டு. பழைய ஈத்0 பெயரோடு அப்கிரேட் ஆகி ஆகி வந்த கணினிகள் இன்னொரு ரகம். அந்த மேக் கோப்பு முறைக்கு இனி அதிகாரபூர்வ ஆதரவு இல்லை என்று 2019-இல் டெபியன் 10-இன் வெளியீட்டுக் குறிப்பு எச்சரித்தது.

கோளாறைக் கண்டுபிடிக்க நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைய முடியாது. கணினியின் முன்னால் போய் உட்கார வேண்டும், அல்லது ஹோஸ்டிங் நிறுவனம் தரும் கன்சோலைத் திறக்க வேண்டும். 'ஐபி லிங்க்' கட்டளை இப்போது இருக்கும் பெயர்களைக் காட்டும். கெர்னல் பதிவில் 'ரினேம்டு' என்ற சொல்லைத் தேடினால் 'இ1000இ 0000:00:1எஃப்.6 இஎன்பி0எஸ்31எஃப்6: ரினேம்டு ஃபிரம் ஈத்0' என்பது போன்ற வரி கிடைக்கும். டிரைவர், இருப்பிடம், புதுப் பெயர், பழைய பெயர் நான்கும் அந்த ஒரே வரியில் வந்துவிடும். நான்கு போர்ட் உள்ள கார்டில் எது எதுவென்று தெரியாவிட்டால் 'ஈத்டூல்' கட்டளைக்கு 'பி' விருப்பத்தைக் கொடுத்தால் போதும், பல கார்டுகளில் அந்தப் போர்ட்டின் விளக்கு கண் சிமிட்டும்.

கன்ஃபிக் கோப்பில் புதுப் பெயரை எழுதினால் கணினி உடனே எழுந்துவிடும். அவசரத்துக்கு அது சரி. ஆனால் அடுத்த அப்கிரேடில் அதே கதை திரும்ப வரலாம். 'நெட்.இஃப்நேம்ஸ்=0' என்று பூட் வரியில் போட்டு ஈத்0-க்கே திரும்பிவிடு என்ற யோசனை எங்கும் கிடைக்கும். ஒற்றைக் கார்டு உள்ள மெய்நிகர் கணினிக்கு அதனால் பாதகமில்லை. இரண்டு கார்டு உள்ள ஃபயர்வாலில் அதைச் செய்வது பழைய ஆபத்தைக் கதவு திறந்து உள்ளே அழைப்பதுதான்.

நிலையான தீர்வு, சிஸ்டம்டியின் நெட்வொர்க் அடைவில் சிறிய 'லிங்க்' கோப்பு ஒன்றை எழுதுவது. இன்ன மேக் முகவரி உள்ள கார்டுக்கு 'லேன்0' என்று பெயர் வை என்று அதில் சில வரிகளிலேயே சொல்லிவிடலாம். பிரிட்ஜும் விஎல்ஏஎன்-உம் கார்டின் மேக்கைக் கடன் வாங்கிக்கொள்ளும் என்பதால், கார்டின் நிரந்தர மேக்கைக் குறிப்பிடுவது நல்லது. புதுப் பெயரை ஈத்0 என்று வைக்கவே கூடாது. கெர்னலும் அதே பெயரை வேறொரு கார்டுக்குக் கொடுக்கப் பார்க்கும், இரண்டும் மோதும். எழுதிய பிறகு இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பிக்க வேண்டும். பெயர் சூட்டுவது பெரும்பாலும் பூட்டின் அந்தத் தொடக்கக் கட்டத்திலேயே நடந்து முடிந்துவிடும்.

அதோடு எழுந்து போய்விடக் கூடாது. பழைய பெயர் இடிசி அடைவுக்குள் வேறு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று முழுச்சொல் தேடல் ஒன்று போட வேண்டும். டிஎச்சிபி சர்வர், பிரிட்ஜ், கெர்னல் அமைப்புகள் எல்லாம் அகப்படும். என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வாலில் கூடுதல் கவனம் வேண்டும். அதில் கார்டை 'ஐஐஎஃப்' என்று குறித்திருந்தால், அந்தப் பெயர் இல்லாதபோது விதித்தொகுப்பு முழுவதுமே ஏறாது, பிழைச் செய்தி வரும். 'ஐஐஎஃப்நேம்' என்று குறித்திருந்தால் எல்லாம் ஒழுங்காக ஏறும், பிழைச் செய்தி எதுவும் வராது, அந்த விதி மட்டும் எந்தப் பாக்கெட்டுக்கும் பொருந்தாது.