செருகுவாய் திறந்துவிட்ட சந்தை

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து வீட்டிலேயே ஆடும் வீடியோ கேம் கருவிகள் 1972இலேயே அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டன என்றாலும், ஆலையில் மின்சுற்றாக அமைத்துத் தரப்பட்ட சில ஆட்டங்களுக்கு அப்பால் அவற்றால் எதையும் காட்ட இயலவில்லை. அவை சலித்தால் கருவியும் மூலைக்குப் போகவேண்டியதுதான். அவற்றுள் முதலாவதான மேக்னவாக்ஸ் ஒடிசியில் மாற்றிச் செருகும் அட்டைகள் இருந்தது உண்மையே. ஆனால் அவ்வட்டைகளில் நிரல் ஏதும் இல்லை, உள்ளே ஏற்கெனவே இருந்த சுற்றுகளை வெவ்வேறு வகையில் இணைக்கும் தடங்கள் மட்டுமே இருந்தன.

1976 நவம்பரில் ஃபேர்சைல்டு நிறுவனம் வெளியிட்டு, பின்னர் 'சேனல் எஃப்' என்று பெயர் மாற்றிய கருவி இந்த நிலையை மாற்றியது. கணக்கிடும் மூளையாகிய நுண்செயலி கருவிக்குள்ளேயே தங்கிவிட, ஆட்டத்தின் விதிகளையும் படங்களையும் தாங்கிய நிரல் மட்டும் 'ரோம்' எனப்படும், எழுதியது அழியாத நினைவகச் சிப்பில் பதிக்கப்பட்டு, கைக்கடக்கமான மஞ்சள் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துத் தனியே விற்கப்பட்டது. இந்த உறைக்குத்தான் கேட்ரிட்ஜ் என்று பெயர். ஆல்பெக்ஸ் என்னும் சிறு நிறுவனத்தில் பிறந்த மாதிரியை விற்பனைப் பொருளாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜெர்ரி லாசன். அக்காலச் சிலிக்கான் பள்ளத்தாக்கில் மிக அரிதாகவே காணப்பட்ட கறுப்பினப் பொறியாளர்களுள் ஒருவர். சிப்பை வீட்டிலுள்ள சிறுவர்கள் நூற்றுக்கணக்கான முறை செருகி உருவினால் தொடுமுனைகள் தேயுமா, நிலைமின்சாரம் அதைக் கெடுத்துவிடுமா என்பதற்கு முன்னனுபவம் எவரிடமும் இல்லை. ரேடியோ அலைக் குறுக்கீடு தொடர்பான அரசு விதிகளோ மேலும் கடுமையாக இருந்ததால், செருகுவாயையே உலோகத்தால் மறைக்க நேர்ந்தது.

ஃபேர்சைல்டு இத்தனை உழைத்தும் பெரும் பயனை அறுவடை செய்தது 1977இல் வந்த அட்டாரி நிறுவனத்தின் கருவியே. வெறும் 128 பைட் செயல் நினைவகம் கொண்ட அக்கருவி, கடைகளில் காசு போட்டு ஆடிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' 1980இல் கேட்ரிட்ஜாக வந்தபின் வீடுதோறும் தேடப்பட்டது. ஆட்டமும் கருவியும் பிரிந்ததன் மறுபக்கமும் விரைவில் வெளிப்பட்டது: செருகுவாய்க்குப் பொருந்துவதாக எவர் செய்த கேட்ரிட்ஜையும் கருவி மறுக்காது. தங்கள் பெயர்கூட உறையில் இடம்பெறாததில் மனம் கசந்த அட்டாரியின் நிரலாளர்கள் சிலர் 1979இல் வெளியேறி ஆக்டிவிஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன்மீது அட்டாரி தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்ததும், திறமையற்ற பலரும் அதே வழியில் நுழைந்து தரமற்ற ஆட்டங்களைக் குவிக்க, 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், 1985இல் அங்கு நுழைந்த நின்டெண்டோ நிறுவனம் இந்தத் தரமற்ற ஆட்டங்களின் குவிப்பைத்தான் முதன்மையாகக் கருதியது போலும். கருவியில் ஒன்றும் கேட்ரிட்ஜில் ஒன்றுமாகச் சிப்களை வைத்து, அவை இரண்டும் ஒத்துப்போனாலன்றி ஆட்டம் ஓடாதபடி செய்துவிட்டது.