தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் மதிப்பீடும் முன்னேற்ற அறிக்கையும்

தொடக்கப் பள்ளி மதிப்பீடு என்பது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் குழந்தை எதைக் கற்றது, எதைக் கற்கவில்லை என்று ஆசிரியர் அறிந்துகொள்ளும் முறையாகும். முன்னேற்ற அறிக்கை என்பது அதைப் பெற்றோருக்குத் தெரிவிக்கும் முறை. இரண்டும் ஒன்றுதான் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. ஆனால் ஆசிரியர் அறிந்தது அனைத்தும் அட்டையில் ஏறுவதில்லை. அட்டையில் ஏறியது அனைத்தும் வீட்டில் புரிந்துகொள்ளப்படுவதும் இல்லை. தமிழ்நாட்டில் 2000-க்குப் பின் இந்த முறை மூன்று முறை பெரிய அளவில் மாறியது. மாற்றங்கள் ஒவ்வொன்றும் இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சியாகவே தொடங்கின.

பழைய முறை

காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என மூன்று தேர்வுகள். ஒவ்வொரு பாடத்துக்கும் நூற்றுக்கு இத்தனை மதிப்பெண். 35-க்குக் கீழே போனால் சிவப்பு மையில் ஒரு கோடு. கடைசியில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்ற எண். 'ரேங்க் கார்டு' என்று மக்கள் சொல்வது இந்தக் கடைசி எண்ணால் வந்த பெயர். அட்டையின் பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆன பின்பும் வழக்கில் அந்தச் சொல் போகவில்லை.

இந்த முறைக்கு ஒரு நன்மை உண்டு: எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் அது உடனே விளங்கியது. சிவப்புக் கோட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதன் குறை, குழந்தைக்கு எது வரவில்லை என்பதை அது சொல்லாதது. 52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் பல குழந்தைகள் 45 என்று எழுதுவார்கள். ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது என்பதால், திருப்பி 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். இது கவனக்குறைவு அல்ல. பத்தைக் கடன் வாங்கும் கருத்து பிடிபடவில்லை என்பதன் அடையாளம். தேர்வுத்தாளில் இதற்கு ஒரு பெருக்கல் குறியும் இரண்டு மதிப்பெண் இழப்பும்தான் பதிவாகும். ஆசிரியருக்கு மிகவும் பயன்படக்கூடிய செய்தி கூட்டுத்தொகைக்குள் கரைந்துவிடும்.

கற்றல் ஏணி

முதல் பெரிய மாற்றம் செயல்வழிக் கற்றல். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை விரிவாக்கப்பட்டது. ஆந்திரப் பிரதேசத்தின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்கென உருவான அட்டை முறையே இதற்கு முன்மாதிரி.

பாடம் முழுவதும் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. அட்டைகளின் வரிசை ஓர் ஏணியாகச் சுவரில் தொங்கியது. குழந்தை தன் படியைத் தானே பார்த்து, அடுத்த அட்டையை எடுத்து வந்து வேலை செய்யும். சில படிகளுக்கு ஒருமுறை மதிப்பீட்டு அட்டை வரும். அது வந்தால்தான் அடுத்த படி. தேர்வு என்று தனியாக ஒரு நாள் இல்லை. நான்கு நாள் காய்ச்சலில் கிடந்து திரும்பிய குழந்தை விட்ட படியிலிருந்தே தொடரலாம். விடுப்பு எடுத்த குழந்தையைத் தண்டிக்காத மதிப்பீடு என்ற வகையில் இது இன்றும் மதிக்கத்தக்கது.

ஆனால் வீட்டுக்குப் போக அதில் ஒன்றும் இல்லை. "உங்கள் மகள் இந்தப் படியில் இருக்கிறாள்" என்றால், அது நல்லதா கெட்டதா என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை, வீட்டுப்பாடமும் குறைவு என்ற நிலையைப் பள்ளியில் பாடமே நடக்கவில்லை என்று புரிந்துகொண்டவர்களும் உண்டு.

சட்டம் சொல்வது

2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் மதிப்பீட்டைச் சட்டத்தின் எல்லைக்குள் கொண்டுவந்தது. அதன் 29-ஆம் பிரிவு, குழந்தை பெற்ற அறிவையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்கிறது. 30-ஆம் பிரிவின்படி, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையும் வாரியத் தேர்வு எழுதித் தேர வேண்டிய கட்டாயமில்லை. 16-ஆம் பிரிவு ஒரே வகுப்பில் நிறுத்தி வைப்பதைத் தடை செய்தது.

இவற்றைவிடக் குறைவாகப் பேசப்படுவது 24-ஆம் பிரிவு. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் அறிந்து, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பதும், பெற்றோருடன் முறையாகக் கூட்டம் நடத்தி வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதில் ஆசிரியரின் கடமைகளாக உள்ளன. அதாவது சட்டம் கேட்பது நேரில் பேசுவதை. அட்டையைக் கொடுத்து அனுப்புவதை மட்டும் அல்ல.

நாற்பதும் அறுபதும்

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை சேர்ந்தே வந்தன. ஆண்டு மூன்று பருவங்களாகவும் பாடநூல் மூன்று தொகுதிகளாகவும் பிரிந்தன. ஒரு பருவத்தில் தேர்வு எழுதிய பகுதி அடுத்த பருவத்தில் மீண்டும் வராது. புத்தகப் பையின் எடை குறைந்ததைத்தான் அப்போது அதிகம் பேர் பேசினார்கள். மதிப்பெண் கணக்கு மாறியது அந்தப் பேச்சில் அமுங்கிவிட்டது.

ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண். இதில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு, 60 பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு. வளரறி மதிப்பீடு மேலும் இரண்டாகப் பிரியும்: பாடல், நடிப்பு, படம் சேகரித்தல், செய்துகாட்டுதல் போன்ற செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. கூட்டுத்தொகை அட்டையில் தரக்குறியீடாக மாறும். 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2, அடுத்தடுத்த பத்துகளுக்கு பி1, பி2, சி1, சி2. 33 முதல் 40 வரை டி. அதற்குக் கீழே 21 முதல் 32 வரை இ1, 20-உம் அதற்குக் குறைவும் இ2. வாழ்க்கைத் திறன்கள், மனப்பான்மை, உடற்கல்வி போன்ற பாட இணைப் பகுதிகளுக்குத் தனித் தரக்குறியீடு உண்டு. வகுப்பில் எத்தனையாவது இடம் என்ற எண் மறைந்தது.

இந்த முறையின் நோக்கம் குறித்துக் கருத்து வேறுபாடு குறைவு. ஒரே நாள் காலையில் எழுதும் மூன்று பக்கத்தை வைத்து ஏழு வயதுக் குழந்தையைத் தீர்மானிக்கக் கூடாது என்பது சரியான எண்ணம். சிக்கல் இரண்டையும் கூட்டும் இடத்தில்தான் வருகிறது.

இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று வளரறியில் 36, தொகுத்தறியில் 22 பெறுகிறது. மற்றொன்று வளரறியில் 24, தொகுத்தறியில் 34. இருவருக்கும் 58, இருவருக்கும் சி1. முதல் குழந்தை வகுப்பில் துடிப்பாகப் பேசி, பாடி, செய்கிறது. ஆனால் தனியாகப் படித்து எழுத வரவில்லை. இரண்டாவது குழந்தை எழுதிவிடுகிறது. குழுவில் வாய் திறப்பதில்லை. இவர்களுக்குத் தேவைப்படும் உதவி முற்றிலும் வேறு. அட்டையோ ஒரே எழுத்தைக் காட்டுகிறது. இன்னும் ஒரு கணக்கு: வளரறியில் 36 வாங்கிய குழந்தை பருவத் தேர்வில் ஒரு வரிகூட எழுதாவிட்டாலும் 36 என்பதே டி ஆகிவிடும், கடைசி இரண்டு தரங்களுக்குள் அது விழாது.

செயல்பாடுகளின் 20 மதிப்பெண் நடைமுறையில் பெரும்பாலும் தாராளமாகவே வழங்கப்படுகிறது. சார்ட் தாளும் படம் ஒட்டிய ஆல்பமும் வீட்டுப் பெரியவர்களின் கைவேலையாகவோ ஸ்டேஷனரி கடையில் வாங்கியதாகவோ வருவதை ஆசிரியர்கள் அறிவார்கள். முப்பது குழந்தைகளுக்கு, ஐந்து பாடங்களுக்கு, பல செயல்பாடுகளைக் கவனித்துத் தனித்தனியே குறிக்க வேண்டிய ஈராசிரியர் பள்ளியில், பதிவேட்டைப் பருவக் கடைசியில் ஒரே மூச்சில் நிரப்புவது நடக்கக்கூடியதே. அதை ஆசிரியரின் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் இடத்தில் தொடர் மதிப்பீடு என்பது நேரக் கணக்குக்குள் அடங்குவது கடினம்.

அரும்பு, மொட்டு, மலர்

கொரோனா காலத்தில் பள்ளிகள் நீண்ட நாள் மூடிக் கிடந்த பின், வகுப்பும் நிலையும் ஒன்றல்ல என்பது மறைக்க முடியாததாயிற்று. மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருந்த குழந்தைகளில் பலர் முதல் வகுப்பை நேரில் பார்த்ததே இல்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலும், 2023-24 முதல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளிலும் நடைமுறைக்கு வந்தது.

தொடக்க வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் வகுக்கப்பட்டன. ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அடிப்படை மதிப்பீடு நடத்தி, குழந்தை இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற பயிற்சிநூலைக் கொடுப்பது இதன் வழி. எழுத்துகளை அடையாளம் காணும் குழந்தைக்கும் சொற்களைக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் ஒரே பயிற்சி கிடையாது. சி1 என்ற எழுத்தைவிட 'மொட்டு' என்ற சொல் ஆசிரியருக்கு அதிகம் சொல்கிறது. நாளைக் காலை என்ன கற்பிக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. ஒரு வகையில் இது கற்றல் ஏணியின் மறுபிறவி.

மதிப்பீட்டு விவரங்கள் செயலி வழியே பதியப்படுகின்றன. பதிவு செய்யும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் அமைப்புகள் தொடர்ந்து கூறி வருகின்றன. இந்தப் பதிவுகள் மேலே செல்லும் வேகத்துக்கு, பக்கத்துத் தெருவில் இருக்கும் பெற்றோரிடம் அவை போய்ச் சேர்வதில்லை என்பதும் உண்மை.

வீட்டுக்குச் சொல்வது

பெற்றோர் கையெழுத்து என்ற கட்டம் எல்லா அட்டைகளிலும் உண்டு. பார்த்தார்கள் என்பதற்கு அது சான்று. புரிந்தது என்பதற்கு அல்ல. பி2 என்றால் என்ன என்று கேட்கத் தயங்கும் தாய், "பாஸா?" என்று மட்டும் கேட்பார். "எல்லாரும் பாஸ்தான்" என்று பதில் வரும். உரையாடல் அங்கே முடிந்துவிடுகிறது.

பயனுள்ள அறிக்கைக்குத் தனிப் படிவம் தேவையில்லை. "தமிழில் குறில் எழுத்துச் சொற்களைப் படிக்கிறான், கொம்பும் காலும் வந்தால் தடுமாறுகிறான். கணக்கில் கூட்டல் வருகிறது, கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை" என்று இரண்டு வரி சொன்னால் போதும். இதில் தரக்குறியீடு எதுவும் இல்லை. ஆனால் படிக்காத பெற்றோரும் இதைப் புரிந்துகொள்வார், அக்காவிடமோ பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ சொல்லிக் கொடுக்கச் சொல்லலாம். ஒரு மாதம் கழித்து வந்து, கொம்பும் காலும் வந்துவிட்டதா என்று கேட்கவும் முடியும்.

நிறுத்தி வைக்கலாமா?

அறிக்கை தெளிவாக இல்லாதபோது, தேர்வு வைத்து நிறுத்தினால்தான் உண்மை வெளிவரும் என்ற வாதம் வலுப்பெறுகிறது. 2019-இல் திருத்தப்பட்ட 16-ஆம் பிரிவு, ஐந்து, எட்டாம் வகுப்புகளின் இறுதியில் தேர்வு நடத்தவும், தேறாதவர்களுக்கு இரண்டு மாதங்களுக்குள் மறுவாய்ப்பு தரவும், அதிலும் தேறாவிட்டால் நிறுத்தி வைப்பதா என்று முடிவெடுக்கவும் வழி செய்தது. தமிழ்நாடு அரசு இந்த இரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு அறிவித்து, கடும் எதிர்ப்பு எழுந்த பின் 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் நிறுத்தி வைக்கும் முறையைக் கொண்டுவந்தபோதும், மாநிலம் பழைய நிலையையே தொடர்வதாக அறிவித்தது.

பத்து வயதில் நிறுத்தப்படும் குழந்தை அதே பாடத்தை, அதே வகையில், இன்னொரு ஆண்டு கேட்கும். கழித்தலில் கடன் வாங்குவது ஏன் வரவில்லை என்று யாரும் பார்க்காத வரை இரண்டாம் ஆண்டும் 45 என்றே எழுதும். மறுபுறம், எதுவும் சொல்லாமல் மேலே அனுப்புவதும் அந்தக் குழந்தைக்கு உதவாது. எனவே நிறுத்துவதா அனுப்புவதா என்பதைவிட, மூன்றாம் வகுப்பிலேயே குறை தெரிந்ததா, தெரிந்து என்ன செய்யப்பட்டது என்பதே முதலில் கேட்க வேண்டியது.

ஐந்தாம் வகுப்பு முடித்துப் பெரும்பாலான குழந்தைகள் வேறு பள்ளிக்குச் செல்கிறார்கள். கூடவே செல்வது மாற்றுச் சான்றிதழ். அதில் மேல் வகுப்புக்குத் தகுதி பெற்றதற்கான குறிப்பு இருக்கும், எது வரவில்லை என்ற குறிப்பு இருக்காது. ஆறாம் வகுப்பு ஆசிரியர் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. 2025-26 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காகத் 'திறன்' என்ற பெயரில் தொடங்கப்பட்ட திட்டத்தின் முதல் வேலையும், தமிழ், ஆங்கிலம், கணிதத்தில் யாருக்கு அடிப்படை வரவில்லை என்று கண்டறியும் ஒரு தேர்வாகவே இருந்தது.