உங்களுக்குத் தெரியுமா? அட்டவணையே சார்பைக் காட்டிக்கொடுக்கும்!

சூத்திரமோ வரைபடமோ இல்லாவிட்டாலும், மதிப்பு அட்டவணையை வைத்தே ஒரு சார்பின் குணத்தைக் கணிக்கலாம். உள்ளீடுகள் 0, 1, 2, 3, 4 என்று வைத்துக்கொள்வோம்.

● 2, 5, 8, 11, 14: அடுத்தடுத்த வித்தியாசம் எப்போதும் 3. இது நேரிய சார்பு, சாய்வு 3.

● 5, 2, 1, 2, 5: வித்தியாசங்கள் −3, −1, 1, 3. அவற்றின் வித்தியாசமோ எப்போதும் 2. இது இருபடிச் சார்பு. இருபுறமும் சமச்சீராக இருப்பதால் நடுவிலுள்ள 1 தான் மீச்சிறு மதிப்பு.

● 1, 2, 4, 8, 16: ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் 2 மடங்கு. இது அடுக்குக்குறிச் சார்பு.

உள்ளீடு 10 ஆகும்போது இவற்றின் மதிப்புகள் முறையே 32, 65, 1024!

இந்த வித்தியாச முறையை வைத்தே, பெருக்கல் இல்லாமல் கூட்டலால் மட்டும் அட்டவணை தயாரிக்கும் எந்திரத்தை 19-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் வடிவமைத்தார். அவருடைய இரண்டாம் வடிவமைப்பின் கணக்கிடும் பகுதியை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல் உருவாக்கி இயக்கிக் காட்டியது.

கவனம்: 1, 2, 4 என்ற மூன்று மதிப்புகள் மட்டும் போதாது. அடுத்து 8 வந்தால் அடுக்குக்குறிச் சார்பாக இருக்கலாம். 7 வந்தால் இருபடிச் சார்பாக இருக்கலாம். உள்ளீடுகள் சம இடைவெளியில் உள்ளனவா என்பதை முதலில் பாருங்கள். கூடுதல் மதிப்புகளைச் சரிபார்த்த பிறகே முடிவு சொல்லுங்கள்.