ஐம்பதைச் சற்றே தாண்டும் கணிப்பு

அமெரிக்காவின் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பான என்எஃப்எல்லில் ஆடும் 32 அணிகளும் ஆண்டுதோறும் ஏப்ரல் மாத இறுதியில் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் முறைக்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். ஐபிஎல் கிரிக்கெட்டில் நடப்பதுபோல் கூடுதல் விலை கேட்பவருக்கு ஆட்டக்காரரைக் கொடுக்கும் ஏலம் அன்று இது. முந்தைய பருவத்தில் மிக மோசமாகத் தோற்ற அணி முதலிலும், வாகை சூடிய அணி கடைசியிலும் பெயர் சொல்லும் வகையில் வரிசை வகுக்கப்பட்டு, அவ்வரிசை ஏழு சுற்றுகள் தொடர்கிறது. தன் அணி ஓயாமல் தோற்றுவந்ததைக் கண்ட ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல், வலிய அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வளைத்துப்போட்டுக்கொண்டால் போட்டியே செத்துவிடும் என்று 1935ஆம் ஆண்டில் வாதிட்டதன் விளைவாக, 1936இல் முதல் டிராஃப்ட் நடந்தது. அதில் முதன்முதலாகப் பெயர் சொல்லப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர் என்எஃப்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

கல்லூரிக் கால்பந்தில் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 16,000 பேர் டிராஃப்டுக்குத் தகுதி பெறுகின்றனர். அவர்களில் பெயர் சொல்லப்படுவோர் 260 பேர் அளவில்தான். பள்ளியிலிருந்து கல்லூரிக்கும் கல்லூரியிலிருந்து தொழில்முறைக்கும் வரும் வழியில் பலமுறை சலிக்கப்பட்டு எஞ்சும் இந்தச் சிறு கூட்டத்துக்குள் யார் யாரைவிட மேலானவர் என்று கண்டறிவதற்காக, அணிகள் ஆண்டு முழுவதும் ‘ஸ்கவுட்’ எனப்படும் திறன் தேடுநர்களை நாடெங்கும் அனுப்புகின்றன. ஒளிப்பதிவுகளை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கின்றன. மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும் நடத்துகின்றன. இவ்வளவு பணமும் உழைப்பும் அறிவும் ஒரே கேள்வியின்மீது கொட்டப்படும் துறைகள் குறைவு என்பதாலேயே, மனிதத் திறனை முன்கூட்டியே கணிப்பது எவ்வளவு தூரம் கைகூடும் என்று ஆராய விரும்பும் பொருளியலாளர்களும் உளவியலாளர்களும் இந்த டிராஃப்டை ஓர் ஆய்வுக்கூடமாகவே கருதுகின்றனர்.

அளவீடுகளில் பெயர்பெற்றது, 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்துவரும் ‘கம்பைன்’ என்னும் உடல்திறன் முகாம். முந்நூறுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் அங்கே 40 கெஜம், அதாவது சுமார் 36.6 மீட்டர் தூரத்தை ஓடிக் காட்டுகின்றனர். 225 பவுண்டு எடையைத் தங்களால் இயன்ற முறை மார்புக்கு மேல் தூக்குகின்றனர். நின்ற இடத்திலிருந்து உயரவும் நீளவும் தாண்டுகின்றனர். நொடியின் நூற்றிலொரு பங்குவரை இங்கே குறிக்கப்படும் நேரங்கள், டிராஃப்டில் ஒருவருடைய பெயர் எத்தனையாவதாக வரும் என்பதை உண்மையிலேயே மாற்றுகின்றன. ஆனால், பின்னாளில் அவர் எப்படி ஆடினார் என்பதோடு அந்த எண்களுக்குள்ள தொடர்பைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. ஃபிராங்க் குஸ்மிட்ஸ், ஆர்தர் ஆடம்ஸ் ஆகிய இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பந்தை ஏந்தி ஓடும் ‘ரன்னிங் பேக்’ ஆட்டக்காரர்களின் ஓட்ட வேகம் ஒன்றைத் தவிர வேறெதற்கும் சீரான தொடர்பு காணப்படவில்லை. களத்தில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் ‘குவார்ட்டர்பேக்’ பற்றி டேவிட் பெர்ரி, ராப் சிம்மன்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வோ, உயரமும் ஓட்ட வேகமும் அறிவுத் தேர்வு மதிப்பெண்ணும் ஒருவர் எவ்வளவு முன்னதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்பதைப் பாதிக்கின்றன, அவர் எப்படி ஆடுகிறார் என்பதைப் பாதிப்பதில்லை என்று காட்டியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டாம் பிரேடி 2000ஆம் ஆண்டு முகாமில் 40 கெஜத்தை 5.28 நொடியில் ஓடினார். அது மெதுவான ஓட்டம்தான். டிராஃப்டில் அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் உட்பட 198 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஓய்வு பெறுவதற்குள் அவர் என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஏழு வாகைகளைப் பெற்றார்.

இதைக்கொண்டு வேகமும் வலிமையும் வேண்டாதவை என்று முடிவு கட்டுவது தவறு. புள்ளியியலில் இதற்கு வீச்சுக் குறுக்கம் என்று பெயர்: ஒரு பண்பின்படி ஏற்கெனவே தேறியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராயும்போது, அப்பண்பு அவர்களுக்குள் சிறிதளவே வேறுபடுவதால், அதன் தாக்கமும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. முகாமுக்கு வரும் தடுப்பாட்டக்காரர் எவரும் மெதுவானவரல்லர். மெதுவானவர்கள் கல்லூரி அணியிலேயே இடம் பெற்றிருக்க மாட்டார்கள். அடிப்படைத் தகுதியாக வேகம் இன்றியமையாதது. ஆனால் தேறிய முந்நூறு பேரை வரிசைப்படுத்தும் அளவுகோலாக அது மழுங்கிப்போகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் முகாம் எண்களுக்கு அளவுமீறிய மதிப்பு கிடைப்பதற்குக் காரணம்.

எண்களை நம்ப முடியாவிட்டால் அனுபவசாலியின் கண்ணை நம்பலாமே என்ற வாதம் பழையது. அதைச் சோதிக்கும் முயற்சியும் பழையதே. டல்லஸ் கவ்பாய்ஸ் அணியின் மேலாளர் டெக்ஸ் ஷ்ராம் 1960களில் ஐபிஎம்மின் துணை நிறுவனம் ஒன்றை அணுகியபோது, அந்தப் பொறுப்பு சலாம் குரேஷி என்ற இந்தியப் புள்ளியியலாளரிடம் வந்து சேர்ந்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்த அவருக்கு அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாத ஆட்டம். ஸ்கவுட்டுகள் ஒரே பண்பை ஆளுக்கொரு சொல்லால் வருணிப்பதைக் கண்ட அவரும் அணியினரும், நீண்ட பண்புப் பட்டியலைச் சுருக்கி, ஒழுக்கம், உடலை ஆளும் விரைவு, போட்டியுணர்வு, மன விழிப்பு, வெடித்தெழும் வலிமை என்ற ஐந்தை எஞ்சவிட்டு, அவற்றைப் பொதுவான வினாக்களால் அளக்கச் செய்தனர். ஸ்கவுட்டுகள் பூர்த்தி செய்த படிவங்களைக் கணினி ஒன்றாகக் கூட்டியது. கண்ணை ஒதுக்கிவிட்டு இயந்திரத்தை அமர்த்தியதாக இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. பார்த்து மதிப்பிடும் வேலையை மனிதரிடம் விட்டு, அம்மதிப்பீடுகளை ஒருங்கிணைக்கும் வேலையை மட்டும் சூத்திரத்திடம் கொடுத்ததில்தான் அதன் கூர்மை இருக்கிறது. நிபுணர் தம் மனத்துக்குள் தகவல்களைச் சேர்த்து முடிவெடுப்பதைவிட எளிய சூத்திரம் சேர்ப்பது பெரும்பாலும் சமமாகவோ மேலாகவோ அமைகிறது என்று உளவியலாளர் பால் மீல் 1954இல் நிறுவிய கருத்து, விளையாட்டுக்குள் நுழைந்த முதல் தருணங்களில் ஒன்றாக இதைச் சொல்லலாம்.

ஆனால் எந்தச் சூத்திரமும் தனக்குள் இடப்படும் தகவலைவிடச் சிறந்ததாக இருக்க முடியாது. கல்லூரி ஆட்டத்தின் புள்ளிவிவரங்களில் ஒருவருடைய தனித்திறன் எங்கே முடிகிறது, அவருடன் ஆடிய பத்துப் பேரின் திறன் எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது பெரும் சிக்கல். எதிரணிகளின் தரமும் பயிற்சியாளரின் ஆட்டமுறையும் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகின்றன. மாதிரியின் அளவோ மிகச் சிறியது. சிகாகோ பேர்ஸ் அணி 2017இல் தன் மூன்றாம் இடத்தோடு வேறு சில இடங்களையும் சேர்த்துக் கொடுத்து இரண்டாம் இடத்தைப் பெற்று, வட கரோலினாவின் மிட்செல் டிரபிஸ்கியைத் தேர்ந்தெடுத்தது. கல்லூரியில் தொடக்க ஆட்டக்காரராக அவர் களமிறங்கியவை 13 ஆட்டங்கள் மட்டுமே. அதே டிராஃப்டில் பத்தாவதாகக் கன்சாஸ் சிட்டிக்குச் சென்ற பாட்ரிக் மஹோம்ஸ் மூன்று சூப்பர் பவுல்களை வென்றுவிட்டார். எனினும், மஹோம்ஸ் தம் முதல் பருவம் முழுவதும் ஏறக்குறையப் பார்வையாளராகவே அமர்ந்து, ஆண்டி ரீட் என்னும் தேர்ந்த பயிற்சியாளரிடம் பழகியவர். இருவரும் அணி மாறிச் சென்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு எந்தத் தரவும் விடை சொல்லாது. ஆட்டக்காரரைக் கணிப்பதாக அணிகள் எண்ணிக்கொண்டாலும், அவை கணிக்க வேண்டியிருப்பது ஆட்டக்காரரும் அணியும் சேர்ந்து உருவாக்கப்போகும் ஒன்றை.

அப்படியானால் அணிகளின் கணிப்பு எவ்வளவு சரி? இதை நேராக அளந்தவர்கள் கேட் மேசியும், 2017இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் ஆவர். 2013இல் மேலாண்மை ஆய்விதழ் ஒன்றில் வெளியான அவர்களுடைய ஆய்வு, ஒரே நிலையில் ஆடுபவர்களைத் தேர்ந்தெடுக்கப்பட்ட வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரோடு ஒப்பிட்டது: இரண்டு தடுப்பாட்டக்காரர்களில் முன்னால் எடுக்கப்பட்டவர் பின்னால் எடுக்கப்பட்டவரைவிடக் கூடுதலான ஆட்டங்களில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினாரா என்பதே கேள்வி. கிடைத்த விடை, நூற்றுக்கு ஐம்பதைச் சற்றே தாண்டி 52, 53 என்ற அளவிலேயே நின்றது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள் சராசரியாக ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டவர்களைவிட மிகச் சிறந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. தொலைவிலுள்ள இருவரை வேறுபடுத்தும் அறிவு அணிகளிடம் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவரைப் பிரித்தறியும் அறிவுதான் இல்லை.

இல்லாத அந்த அறிவுக்குத்தான் அணிகள் பெரும் விலை கொடுக்கின்றன. டிராஃப்ட் இடங்களைத் தமக்குள் மாற்றிக்கொள்ள அணிகளுக்கு உரிமை உண்டு. அதற்கென 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் அணியில் உருவாகி, பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரால் பரவிய மதிப்பு அட்டவணை ஒன்று இருக்கிறது. அதன்படி முதல் இடத்துக்கு 3000 புள்ளி. இன்றைய வரிசையில் இரண்டாம் சுற்றின் தொடக்கமான 33ஆம் இடத்துக்கு 580 புள்ளி. அதாவது 33ஆம் இடங்கள் ஐந்தைச் சேர்த்தாலும் ஒரு முதல் இடத்துக்கு ஈடாகாது. மேசியும் தேலரும் ஆட்டக்காரர்களின் திறனை அவர்களுக்குத் தரப்படும் சம்பளத்தோடு வைத்துக் கணக்கிட்டபோது, கொடுத்த பணத்துக்கு மேல் கிடைக்கும் உபரி மதிப்பு முதல் இடத்தில் அன்றி இரண்டாம் சுற்றின் தொடக்கத்தை ஒட்டித்தான் மிகுதியாக இருந்தது. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் குத்தகை எடுத்த நிறுவனங்களின் இழப்பை 1971இல் ஆராய்ந்த பொறியாளர்கள், பலர் மதிப்பிடும் ஒரு பொருளை வெல்பவர் பெரும்பாலும் அதை அளவுமீறி மதிப்பிட்டவராகவே இருப்பார் என்று விளக்கினர். ‘வென்றவரின் சாபம்’ என்ற அந்தக் கருத்தைத் திருப்பிப்போட்டு, தோற்ற அணிக்குப் பரிசாகத் தரப்படும் முதல் இடமே அதற்குச் சுமையாகிறது என்பதால், இருவரும் தம் ஆய்வுக்குத் ‘தோற்றவரின் சாபம்’ என்று தலைப்பிட்டனர். நியூ ஆர்லியன்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஆட்டக்காரருக்காக 1999ஆம் ஆண்டுக்கான தம் அணியின் இடங்கள் அனைத்தையும், அடுத்த ஆண்டின் முதல், மூன்றாம் சுற்று இடங்களையும் கொடுத்தது இந்த மிகைநம்பிக்கையின் உச்சம்.

அதன்பின் கணக்கு ஓரளவு மாறியிருக்கிறது. 2010இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டின் ஆறாண்டு ஒப்பந்தம் 7.8 கோடி டாலர். புதியவர்களின் சம்பளத்துக்கு வரம்பு கட்டிய 2011ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகு, அதே இடத்தில் வந்த கேம் நியூட்டனின் நான்காண்டு ஒப்பந்தம் ஏறத்தாழ 2.2 கோடி. இதனால் முதல் இடங்களின் உபரி மதிப்பு கூடியது. குறிப்பாக, நல்ல குவார்ட்டர்பேக்கைப் புதியவருக்கான சம்பளத்தில் வைத்திருக்கும் அணி, மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களை வலுப்படுத்திக்கொள்ள முடிகிறது. ஆனால் பக்கத்திலிருக்கும் இருவரில் ஒருவரைத் தேர்வதிலுள்ள தடுமாற்றம் சம்பள விதியால் தீரக்கூடியதன்று. ஆகவே, ஒருவரைக் குறிவைத்து மேலேறுவதைவிட, கீழே இறங்கிக் கூடுதலான பெயர்களை எடுத்துக்கொள்வதே பல அணிகளுக்கு அறிவுடைமை என்ற மேசி, தேலர் இருவரின் பரிந்துரை இன்றும் பெருமளவு பொருந்துகிறது.

கணிப்பின் பிழைகள் அனைத்தும் தற்செயலானவை அல்ல என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 1978 ஜனவரியில் நடந்த ரோஸ் பவுல் போட்டியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை வெற்றிக்கு நடத்திச் சென்ற கறுப்பினக் குவார்ட்டர்பேக் வாரன் மூன் பெயரை, பன்னிரண்டு சுற்றுகள் நடந்த அவ்வாண்டு டிராஃப்டில் ஓர் அணியும் உச்சரிக்கவில்லை. கறுப்பினத்தவர் பந்தைப் பிடிக்கலாம், ஓடலாம், ஆனால் ஆட்டத்தை நடத்தும் மதிநுட்பம் அவர்களுக்கு இல்லை என்ற அநீதியான எண்ணம் மதிப்பீட்டுப் படிவங்களுக்குள் தகுதியின் பெயரால் புகுந்திருந்த காலம் அது. கனடாவுக்குச் சென்று எட்மண்டன் அணிக்குத் தொடர்ந்து ஐந்து வாகைகளை வென்று தந்த பிறகே அவருக்கு என்எஃப்எல்லின் கதவு திறந்தது. 2006இல் அவர் அதன் புகழ்மண்டபத்தில் இடம் பெற்றார். கடந்தகாலத் தேர்வுகளைப் பாடமாகக் கொண்டு பயிலும் இன்றைய இயந்திரக் கற்றல் முறைகள், அந்தத் தேர்வுகளில் உறைந்திருக்கும் பாரபட்சத்தையும் சேர்த்தே பயிலும் என்பதால் இது வெறும் பழங்கதை அன்று.

இவற்றைவிட ஆழமான தடை ஒன்று, களமிறக்கப்படாதவரின் திறனைப் பற்றித் தரவே உருவாவதில்லை என்பது. 2001 செப்டம்பரில் நியூ இங்கிலாந்தின் டிரூ பிளெட்சோ அடிபட்டு வெளியேறியதால்தான் பிரேடி தொடக்க ஆட்டக்காரரானார். டிராஃப்டில் எவராலும் எடுக்கப்படாத கர்ட் வார்னர், செயின்ட் லூயிஸ் அணியில் டிரென்ட் கிரீன் காயமுற்றதால் 1999இல் களம் கண்டு, அந்தப் பருவத்திலேயே சிறந்த ஆட்டக்காரர் விருதும் சூப்பர் பவுலும் பெற்றார். இன்னும் தெளிவான சான்று சான் ஃபிரான்சிஸ்கோவினுடையது. 2021இல் மூன்று முதல் சுற்று இடங்களைச் செலவிட்டு மூன்றாவதாக டிரே லான்ஸை எடுத்த அந்த அணி, அடுத்த ஆண்டு 262ஆம் இடத்தில், அதாவது முழு டிராஃப்டின் கடைசிப் பெயராக, பிராக் பர்டியை எடுத்தது. 2022 பருவத்தில் லான்ஸின் கணுக்கால் முறிந்து, அவருக்குப் பதிலாக ஆடிய ஜிம்மி கரோப்பலோவின் பாதமும் முறிந்த பிறகு, மூன்றாமவராக இறங்கிய பர்டி, 2024 பிப்ரவரியில் அந்த அணியைச் சூப்பர் பவுலுக்கு இட்டுச் சென்றார்; அந்தச் சூப்பர் பவுலில் முடிந்த பருவத்தில் அவருடைய ஆண்டுச் சம்பளம் 8.7 லட்சம் டாலர். ஒரே அணியின் ஒரே நிபுணர் குழு மிக உயர்வாக மதித்தவரையும் மிகத் தாழ்வாக மதித்தவரையும் அருகருகே வைத்துக்கொண்டு, இரண்டு எலும்பு முறிவுகள் நேரும்வரை உண்மையை அறியாதிருந்தது.

ஆகவே கணிப்பைச் செம்மையாக்குவதற்குச் செலவிடும் முயற்சியில் ஒரு பங்கையாவது, எடுத்தவர்களை ஆடவைத்துப் பார்ப்பதற்குச் செலவிடுவது பயன் தரும். தோள்காப்பில் பொருத்திய சில்லுகள் ஒவ்வோர் ஆட்டக்காரரின் அசைவையும் பதிவு செய்யும் இக்காலத்தில் சில நிமிட ஆட்டமும் பழைய நாளின் முழு ஆட்டத்தைவிட மிகுதியாகச் சொல்லக்கூடும். கடைசிச் சுற்றில் வந்தவர்களும் எவராலும் எடுக்கப்படாதவர்களும் உண்மையான எதிரணிக்கு முன் நிற்கக் கிடைத்த வாய்ப்பு, பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களே. என்எஃப்எல் 2021இல் பருவத்தின் ஆட்டங்களைப் பதினாறிலிருந்து பதினேழாக உயர்த்தியபோது, பெரும்பாலான அணிகளுக்கு நான்காக இருந்த அந்தப் பயிற்சி ஆட்டங்களை மூன்றாகக் குறைத்துவிட்டது.