நீலத்திரை சொல்லும் சேதி

ஈரோட்டுச் சுற்றுவட்டாரத்தில் விசைத்தறி ஓடும் கொட்டகையைப் பார்த்திருப்பீர்கள். ஊடை நூல் அறுந்ததும் தறி தானாகவே நின்றுவிடும். நிற்பது கோளாறு அன்று; துணி மேலும் பாழாகாமல் காக்கும் ஏற்பாடு. தறிகாரர் நூல் அறுந்த இடத்தைத் தேடுவாரேயன்றித் தறியையே பிரித்துப் போடமாட்டார்.

விண்டோஸ் கணிப்பொறியிலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று நீலத்திரை தோன்றி எல்லாம் நின்றுவிடும். (2025 முதல் விண்டோஸ் 11-இல் இத்திரை கருப்பாக மாறியுள்ளது.) அது ஏன் வருகிறது?

டிரைவர் என்பது யாது?

கணிப்பொறியோடு இணைந்த ஒவ்வொரு கருவியையும் இயக்க ஒரு சிறு நிரல் வேண்டும். அதுவே டிரைவர். நாம் பயன்படுத்தும் கணக்கு நிரல் தவறு செய்தால் அது மட்டுமே மூடப்படும். ஆனால் டிரைவர்கள் பல, கெர்னல் என்னும் உட்கருவிலேயே இயங்குகின்றன. அங்கே ஒரு டிரைவர் தனக்குரியதல்லாத நினைவகப் பகுதியைத் தொட்டால் மற்றவற்றின் தகவல்களும் கெடக்கூடும். ஆகவே விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது.

2024 ஜூலை 19 அன்று உலகமே இதைக் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு தகவல் கோப்பை அனுப்பியது. 20 மதிப்புகள் மட்டுமே இருந்த இடத்தில் அதன் டிரைவர் 21-ஆவதைத் தேடி, எல்லை தாண்டி நினைவகத்தைப் படித்தது. 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 இலட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு என்னவோ எளியதுதான்: ‘சேஃப் மோடில்’ தொடங்கி அந்தக் கோப்பை நீக்குவது. ஆனால் பல இடங்களில் அதை ஒவ்வொரு கணிப்பொறியிலும் கையாலேயே செய்ய வேண்டியிருந்தது.

துப்பறிவது எப்படி?

ஈரோட்டு ஜவுளிக் கடை ஒன்றில் பில் போடும் கணிப்பொறி அடிக்கடி நீலத்திரை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ஃபார்மட் செய்துவிடலாம்’ என்று யாராவது சொல்வார். நகல் எடுத்து வைக்காமல் அப்படிச் செய்தால் ஓராண்டுக் கணக்கும் போய்விடும். சற்றுப் பொறுங்கள்.

முதலில், திரையில் உள்ள குறியீட்டையும், கோப்பின் பெயர் இருந்தால் அதையும் கைபேசியில் படம் எடுங்கள். குறியீடு ‘டி1’ என முடிந்தால் டிரைவர் மீதே ஐயம். ‘124’ என்றால் பெரும்பாலும் கருவிகளிலேயே பழுது.

அடுத்து, கடைசியாக என்ன மாறியது என்று கேளுங்கள். புதிய வைஃபை கருவியா? புதிய பாதுகாப்பு நிரலா?

பிறகு சேஃப் மோடில் தொடங்குங்கள். அதில் இன்றியமையாத டிரைவர்கள் மட்டுமே ஏறும். வழக்கமாக நிற்கும் நேரத்தைக் கடந்தும் கணிப்பொறி ஓடினால் ஐயம் வலுக்கிறது. அப்போது ‘டிவைஸ் மேனேஜர்’ சென்று ‘ரோல் பேக் டிரைவர்’ என்பதைத் தேர்ந்து பழைய டிரைவருக்குத் திரும்பலாம்.

இன்னும் விளங்கவில்லையா? ஒவ்வொரு முறை நிற்கும்போதும் விண்டோஸ் பொதுவாக ஒரு சிறு பதிவை எழுதி வைக்கிறது. விண்டோஸ் கோப்புறைக்குள் ‘மினிடம்ப்’ என்னும் பெயரில் அது கிடக்கும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘வின்டிபக்’ என்னும் நிரல் அதைப் படித்து, நின்ற கணத்தில் எந்த டிரைவர் இயங்கியது என்று காட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெயர் வந்த டிரைவர் எல்லாம் குற்றவாளி அன்று. வேறொன்று கெடுத்து வைத்த நினைவகத்தில் அது கால் வைத்திருக்கலாம். ஆகவே ஒரே பதிவைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாமல் மூன்று நான்கைச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் அதே பெயர் வந்தால் அந்த டிரைவரை மாற்றுங்கள். முறைக்கு ஒரு பெயர் வந்தால் ரேம் என்னும் நினைவகப் பலகையைச் சோதியுங்கள். விண்டோஸிலேயே உள்ள ‘மெமரி டயக்னாஸ்டிக்’ இதற்கு உதவும்.

நீலத்திரை வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. நூல் அறுந்த இடத்தைக் கண்டால் போதும். தறி மீண்டும் ஓடும், கணக்கும் தப்பும்.