சைக்கிளில் ‘கியர் ஹப்’ இருக்கா? அப்போ மோட்டாரை எங்கே மாட்டுவது?

நல்ல சைக்கிள் கையில் இருக்கிறது. அதை ஓரம்கட்டிவிட்டுப் புதிதாக இ-பைக் வாங்க மனசில்லை. ஒரு மோட்டார் கிட் வாங்கி மாட்டிவிட்டால் என்ன? தாராளமாகச் செய்யலாம். ஆனால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே கியர் இருக்கும் சைக்கிள் என்றால், ஆர்டர் போடும் முன்பு சில விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது.

கியர் எங்கே போச்சு?

வழக்கமான கியர் சைக்கிளில் பின்சக்கரத்தின் ஓரத்தில் பல்சக்கரங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். செயின் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். கியர் ஹப்பில் வெளியே தெரிவது பெரும்பாலும் ஒரே பல்சக்கரம்தான். மற்ற எல்லாம் உள்ளே: நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிவரும் குட்டிப் பல்சக்கரங்கள், அவற்றைச் சூழ்ந்து ஒரு வளையம். விசை எதன் வழியாக உள்ளே போய் எதன் வழியாக வெளியே வருகிறது என்பதைப் பொறுத்து வேகம் மாறும். இங்கிலாந்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் 3 கியர் ஹப்பில் நடு கியர் நேரடியாகச் சுழலும். முதல் கியரில் வேகம் 25 சதவீதம் குறையும், மூன்றாவதில் 33 சதவீதம் கூடும்.

மழை, சேறு எதுவும் உள்ளே போகாது. சிக்னலில் நின்றபடியே கியர் மாற்றலாம். நெதர்லாந்தின் நகர சைக்கிள்களில் இது சர்வசாதாரணம்.

பின்சக்கரத்தில் இடமில்லை

மோட்டார் கிட்களில் மூன்று வகை உண்டு: முன்சக்கர ஹப், பின்சக்கர ஹப், பெடல் அச்சில் மாட்டும் ‘மிட் டிரைவ்’. பின்சக்கர ஹப் இங்கே ஆட்டத்திலேயே இல்லை. அந்த இடத்தில்தான் கியர் உட்கார்ந்திருக்கிறதே!

பிரிட்டனின் பிராம்ப்டன் மடக்கு சைக்கிள் இதற்கு நல்ல உதாரணம். 2018-ல் சாலைக்கு வந்த அதன் மின்சார மாடலில், 6 கியர் வகைக்குப் பின்னால் கியர் ஹப் இருந்ததால் 250 வாட் மோட்டார் முன்சக்கரத்துக்குப் போனது. 2024-ல் வந்த ‘ஜி லைன்’ மாடலில் கதை தலைகீழ். மோட்டார் இல்லாத வகையில் ஷிமானோவின் 8 கியர் ஹப். மின்சார வகையில் மோட்டார் பின்சக்கரத்துக்குள் வந்துவிட, கியர் வெளியே போய்விட்டது.

முன்சக்கரமா, பெடலா?

முன்சக்கர மோட்டார் போட்டால் கியர் ஹப்புக்கு எதுவுமே தெரியாது. அது பாட்டுக்கு உங்கள் காலுக்கு வேலை செய்யும். சமதளமான ஊருக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இந்த மோட்டாருக்குக் கியர் உதவி கிடையாது. நீளமான செங்குத்து ஏற்றத்தில் மெதுவாகிச் சூடாகும். இன்னொரு முக்கியமான விஷயம்: மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அதன் அச்சு எதிர்த்திசையில் திருகப் பார்க்கும். ஃபோர்க்கின் அடிமுனை அதைத் தாங்கணும். தாங்காவிட்டால் ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடலாம். எனவே ஸ்டீல் ஃபோர்க் நல்லது, அச்சு திரும்பாமல் பிடிக்கும் ‘டார்க் ஆர்ம்’ கட்டாயம். கார்பன் ஃபோர்க்கில் இந்த வேலையே வேண்டாம்.

மிட் டிரைவில் மோட்டாரின் பலமும் செயின் வழியாகவே போவதால், ஹப்பின் எல்லா கியரும் மோட்டாருக்கும் கிடைக்கும். மலைப்பாதைக்கு இதுதான் சரி. ஆனால் அந்தச் சுமை முழுவதும் ஹப்பின் குட்டிப் பல்சக்கரங்கள் மேல் விழும்.

எவ்வளவு சுமை? மோட்டார் 80 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் செயின் வீலில் 44 பல், பின்னால் 22 பல் என்றால் விகிதம் 2. ஹப்புக்குப் போவது 40. ஏற்றம் லேசாக இருக்கட்டும் என்று செயின் வீலை 32 பல்லாகக் குறைத்தால் அது 55 ஆகிவிடும். 70 கிலோ ஆள் பெடல் மேல் எழுந்து நின்றாலே கிராங்கில் சுமார் 117 நியூட்டன் மீட்டர் வருமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கால் ஒரு சுற்றில் இரண்டு முறைதான் அந்த உச்சத்தைத் தொடும். மோட்டார் விடாமல் தள்ளும், அதோடு உங்கள் காலும் சேரும். அதனால்தான் ஜெர்மனியின் ரோலாஃப் நிறுவனம் தன் 14 கியர் ஹப்புக்குப் பல் விகித வரம்பு வைத்திருக்கிறது. ஷிமானோ 2019-ல் இ-பைக்குக்கென்றே ‘நெக்ஸஸ் இன்டர்-5இ’ ஹப்பை அறிமுகப்படுத்தியது. உங்கள் ஹப் தாங்கும் அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

கியர் மாற்றும் அந்த ஒரு நொடி

கியர் ஹப் சுமையோடு மாறப் பிடிக்காத சாதனம். காலைத் தளர்த்தினால் போதும், சட்டென மாறும். ஆனால் சில மோட்டார்கள் பெடல் நின்ற பிறகும் ஒரு கணம் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கியர் மாற்றினால் உள்ளே பல் தேயும், உடையவும் கூடும். இதற்குத்தான் ‘கியர் சென்சார்’. கியர் கேபிள் அசைந்ததுமே மோட்டாரை நொடிநேரம் நிறுத்திவிடும். மிட் டிரைவ் போடுபவர்கள் இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் பிரேக். கியர் ஹப் சைக்கிள்கள் பலவற்றில் பெடலைப் பின்னால் மிதித்தால்தான் பின் பிரேக் பிடிக்கும். வழக்கமான மிட் டிரைவ் கிட் மாட்டினால், பின்னால் மிதிப்பது செயினுக்குப் போகவே போகாது. அதாவது பின் பிரேக் அவுட்! இந்த பிரேக்குக்கென்றே தனியாக வரும் கிட்டா என்று கேட்டு வாங்கணும்.

கடைசியாக, சட்டம். இந்தியாவில் மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் உள்ளே இருந்தால்தான் பதிவு, லைசென்ஸ் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே எண்கள்தான், ஆனால் அங்கே மோட்டார் உதவ பெடல் மிதித்தாக வேண்டும். ஆன்லைனில் 500, 750 வாட் கிட்களும் கிடைக்கின்றன. அவற்றை மாட்டினால் சட்டப்படி அது சைக்கிள் இல்லை, மோட்டார் வாகனம்.